உர்ஸ் புதருக்கு ஊற்றிய தண்ணீர்

எர்மீனியோவுக்கு மகள் நொயேமியா என்றால் உயிர். திருவிழா வாணவேடிக்கை என்றாலும் உயிர். இரண்டும் ஒரே ஆகஸ்டில் மோதிக்கொள்ளும் என்று அந்த மனிதர் கனவிலும் நினைக்கவில்லை.

சோப்ரால் ஊரின் மாதா திருவிழாவை எடுத்து நடத்தும் முறை இந்த வருஷம் அவருடையது. பாண்டு வாத்தியம் சுமாராக இருந்தால் ஊர் மன்னித்துவிடும். வாணம் சரியில்லை என்றால் சாகும்வரை சொல்லிக் காட்டும். ஆனால் காட்டுத்தீ அபாயம் சிவப்பு என்று அறிவித்துவிட்டால் ஒரு வாணம்கூட விடக் கூடாது. அந்தச் சிவப்பைச் சொல்லும் கணினி இருப்பது நகரத்தில், நொயேமியாவின் மேஜையில். காற்று, வெயில், மலைச்சரிவு, செடியில் மிச்சமிருக்கும் ஈரம் எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்தால், எந்த ஊர் எவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்ளும் என்று நிறம் போட்டுக் காட்டும். புகை வருவதற்கு முன்பே என் பெண் நெருப்பைப் பார்த்துவிடுவாள் என்று பெல்மீரோவின் காபிக் கடையில் அவர் அளக்காத நாளில்லை.

திங்கள்தோறும் அவளே வந்து, ஊருக்கு மேலே சரிவில் குச்சி நட்டு அடையாளம் வைத்திருந்த, மலையில் தானாக மண்டும் உர்ஸ் புதர்களில் கிளை நறுக்கிப் போவாள். அதை எடை போட்டு, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போடுவாள். குறைந்தது எவ்வளவோ, அதுதான் ஈரம். ஜூலைக் கடைசியில் ஒருநாள் மத்தி மீன் சுட்டுக்கொண்டே, "எவ்ளோ ஈரம் இருந்தா செகப்பு வராது, பாப்பா?" என்று கேட்டார் அப்பா. தன் வேலையில் அவருக்கு இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப்போய் அவளும் விளக்கமாகச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து பூவாளியும் கையுமாக மலையேறத் தொடங்கினார். மாதா கோவில் படி ஏறவே மூட்டு வலிக்கிறது என்பவர்தான்! குச்சி நட்ட புதர்களுக்கு மட்டும் தண்ணீர். மலை முழுக்கக் காய்ந்து கிடக்க, அவை மட்டும் தளதளவென்று நின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவருக்கு அது உறைக்கவில்லை.

விழாவுக்கு முந்தைய திங்களன்று நொயேமியா கிளையை நறுக்கினாள். புதரடி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டுக் கொல்லையில் கவிழ்ந்திருந்த பூவாளியையும் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில்தான் வாயைத் திறந்தாள்.

"இந்த எடத்து அளவ நான் சேக்கப் போறதில்லப்பா. பக்கத்துச் சரிவுல எடுத்தது போதும். அதப் பாத்தா விழாவன்னிக்குச் செகப்புதான்."

"ஏன் சேக்கலன்னு கேப்பாங்களே?"

"கெட்டுப்போச்சுன்னு எழுதிடுவேன். யார் கெடுத்தாங்கன்னு எழுத மாட்டேன்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. சூப்புத் தட்டைத் தள்ளி வைத்தார்.

சொன்னபடியே சிவப்பு வந்தது. விழாவுக்கு முதல்நாள் காபிக் கடையே கொதித்தது. பெல்மீரோ மலைக்குப் போய், குச்சி நட்ட புதரில் ஒரு பச்சைக் கிளையை ஒடித்து வந்து, எல்லோரும் பார்க்கக் கல்லாமேல் போட்டான். அப்பாவோடு வந்திருந்த நொயேமியாவிடம், "இதப் பாத்துட்டா காஞ்சுபோச்சுன்னு சொன்ன? உன் கம்ப்யூட்டருக்கு மொதல்ல கண்ணாடி வாங்கிப் போடும்மா" என்றான். கடை சிரித்தது. நகரத்துச் சம்பளத்துக்கு ஊர் மானத்தை விற்றுவிட்டாள் என்றுகூட ஒருவன் முணுமுணுத்தான்.

ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பித்துவிடலாம். சொல்லவில்லை. அப்பா பக்கம் திரும்பக்கூட இல்லை. காது மடல் சிவக்க, காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் வகுப்பில் யார் பழியையோ ஏற்றுக்கொண்டு வந்தபோதும் இப்படித்தான் நின்றாள். எர்மீனியோவுக்குத் தாங்கவில்லை. வாணமாவது, விழாவாவது!

"அதுக்குத் தண்ணி ஊத்துனது நான்தான்" என்றார்.

கல்லாமேல் கிடந்த கிளையை எடுத்துக் காட்டினார்.

"தெனம் பூவாளில கொண்டுபோய் ஊத்துனேன். அந்தக் குச்சிய விட்டுத் தள்ளிப் போய் ஒரு கிளைய ஒடிச்சுப் பாருங்க, கையிலயே பொடியாகும். அவ கண்டுபிடிச்சா. கண்டுபிடிச்சும் என்னக் காட்டிக் குடுக்கல. சிரிக்கணும்னா என்னப் பாத்துச் சிரிங்க."

சிரித்தார்கள், சிரிக்காமல் இருப்பார்களா? அந்தச் சிரிப்புக்கு நடுவே நொயேமியா வந்து அவர் கையைக் கோத்துக்கொண்டாள்.