தம்பி பெயரை நான் எழுதினேன்

இருபத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள் நான். ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை வீசி இடம் பிடிப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஆள் எங்க? ஆள் வந்தா உக்காரட்டும். கைக்குட்டைக்கெல்லாம் டிக்கெட் கிடையாது" என்று எத்தனை பேர் மானத்தை நடு பஸ்ஸில் வாங்கியிருக்கிறேன்! அப்பேர்ப்பட்ட நான்தான் மலை விடுதியில் என் தம்பிக்கு இடம் பிடித்தேன்.

தம்பி கடிகாரம் பழுதுபார்ப்பவன். என்னைவிட மூன்று வயது சின்னவன். நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் ஒரு முள்ளைச் சரிசெய்வான். நடையும் அதே வேகம்தான். அவனை நான் ஆமை என்பேன், அவன் என்னைக் கண்டக்டரம்மா என்பான். மூன்று நாள் மலையில் நடப்பது என்பது முழுக்க என் யோசனை. அவன் பாவம், தலையாட்டிக்கொண்டு வந்தவன்.

முதல் நாள் ஒரு பண்ணைவீட்டில் தங்கினோம். மாட்டுத் தொழுவத்துக்கு மேலே பரண், அதில் வைக்கோல், வைக்கோல்மேல் போர்வை. கீழே மாடுகள் மூச்சு விட விட, மேலே எங்களுக்குக் குளிர் தெரியவில்லை. காலையில் எழுந்தால் தம்பியின் வலது முழங்கால் பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

"அக்கா, திரும்பிடலாமா?"

"நாலு மணி நேர நடைடா. பல்லைக் கடிச்சுக்கிட்டு வா. மேல போய்க் காலை நீட்டிப் படுத்துக்கலாம்."

அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டான். மறுத்துப் பேசியிருந்தால் கத்தியிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். பண்ணைக்காரி மேல் விடுதிக்குப் போன் போட்டு, இங்கிருந்து இரண்டு பேர் வருகிறார்கள் என்று சொன்னாள். அங்கே ஏற்கெனவே ஆறு பேராம். எங்களோடு எட்டு.

மூன்றாவது மணி நேரத்தில் மூடுபனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. பாதைக்கு இடது பக்கம் பள்ளம். மேலே விடுதியில் மணி அடிக்க ஆரம்பித்தார்கள். வர வேண்டியவர்கள் வந்து சேரும்வரை அடிப்பார்கள் என்று பண்ணைக்காரி சொல்லியிருந்தாள். டங் என்று ஒன்று, பத்து எண்ணினால் இன்னொன்று.

தம்பி ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ செய்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அதட்டினேன்.

"சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே மெதுவா வா. வேற எங்கயும் திரும்பாதே. அங்க ரெண்டடுக்குக் கட்டிலாம், நான் முன்னாடி போய்க் கீழ்க் கட்டிலைப் பிடிச்சு வைக்கிறேன். மேல் கட்டில் கிடைச்சா உன் முட்டி அவ்வளவுதான்."

விடுதி மரத்தால் கட்டிய வீடு. வாசலில் மூன்று படி. உள்ளே நுழைந்ததும் ஈர பூட்ஸைக் கழற்றி வைக்க ஒரு தட்டு, பக்கத்தில் எட்டு மாடம், அதில் உள்ளே போட்டுக்கொள்ளும் கம்பளிச் செருப்பு இரண்டு ஜோடி மிச்சம்; ஒன்றை மாட்டிக்கொண்டேன். மேசைமேல் பதிவேடு, நூலில் கட்டிய பென்சில். சுவரில் ஒரு பலகை: வந்தவர் தன் பெயரைத் தானே எழுதவும். படித்தேன். படிக்காமல் இல்லை. எழுதுகிற வரிசைப்படிதான் கட்டில் என்பதையும் கீழே படித்தேன். ஒரே ஒரு கீழ்க் கட்டில்தான் மிச்சம். என் பெயரை எழுதி, அதற்குக் கீழே தம்பி பெயரையும் எழுதி, எதிரே அந்தக் கட்டில் எண்ணைப் போட்டேன். கால் மணியில் வந்துவிடப்போகிறவனுக்கு என்ன பெரிய சட்டம்?

கட்டில் அறை அதே தளத்தில்தான் இருந்தது. ஜன்னலோரக் கீழ்க் கட்டிலில் என் கம்பளித் துண்டை விரித்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டு அறைக்குப் போய் அடுப்பருகே கையைச் சூடாக்கினேன். கை சூடான பிறகுதான் உறைத்தது. மணிச் சத்தம் இல்லை.

விடுதிக்காரர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தார். ஒல்லியான, சிரிக்கத் தெரியாத மனிதர்.

"மணியை ஏன் நிறுத்திட்டீங்க? என் தம்பி இன்னும் வரலை."

"வந்துட்டாரே."

"எங்க வந்தான்?"

"எட்டுப் பேர் வரணும். எட்டுப் பேர் எழுதியிருக்கு. எட்டுச் செருப்பும் போயாச்சு. நீங்களே பாருங்க."

ஓடிப்போய்ப் பார்த்தேன். எட்டு மாடமும் காலி. தட்டில் எட்டு ஜோடி பூட்ஸ். கடைசி ஜோடி தம்பியுடையது இல்லை. அடியில் ஆணி அடித்த பழைய ரகம், தோல் பச்சை பூத்திருந்தது. அதிலிருந்து தண்ணீர் நிற்காமல் சொட்டிக்கொண்டே இருந்தது.

 கட்டில் அறைக்குப் போனேன். ஜன்னலோரத்தில் என் துண்டை நாலாக மடித்துக் கால்மாட்டில் வைத்துவிட்டு, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி ஒருவர் படுத்திருந்தார். "டேய்" என்று தோளைத் தொட்டேன். போர்வை சொதசொதவென்று ஈரம். உள்ளே இருந்த தோள் தம்பியின் தோள் இல்லை. அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, ரொம்ப தூரம் ஓடி வந்தது மாதிரி.

 கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

விடுதிக்காரர் பின்னால் வந்து நின்றார். கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் முதன்முறையாக வருத்தம் தெரிந்தது.

"உங்க தம்பி பேரை நீங்க எழுதினீங்களா?"

"ஆமா."

"அம்மா, பலகையை எதுக்கு மாட்டி வெச்சிருக்கோம்? எழுதி வெச்ச இடம் இங்க காலியா இருக்காது. வெளியில நிறையப் பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

"சரி, தப்புதான். மணியை அடிங்க முதல்ல."

"கணக்கு நிறைஞ்சப்புறம் அடிச்சா மத்தவங்களும் வந்துடுவாங்க. முடியாது. ஒரு இடம் காலியானாத்தான் அடிக்கலாம்."

"அப்ப தம்பி பேரை அடிச்சுடறேன்."

"அந்தப் பேர்ல ஆள் வந்தாச்சு. அதைத் தொட முடியாது. உங்க பேரை வேணா அடிக்கலாம். ஒரு இடம்தான் காலியாகும், நல்லா யோசிச்சுக்குங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? தம்பி பள்ளத்தின் ஓரத்தில் வழி தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறான். கட்டிலைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "நான் தரையில படுத்துக்கறேன் சார், ஆளை விடுங்க" என்று சொல்லிக்கொண்டே என் பெயரின்மேல் கோடு கிழித்தேன். செருப்பை மாடத்தில் வைத்துவிட்டு, ஈர பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பின்னால் மணி அடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவனை விட்ட இடத்துக்குக் கொஞ்சம் மேலே பாதை நடுவில் உட்கார்ந்திருந்தான். அவன் பூட்ஸ் முனையிலிருந்து இரண்டு முழம் தள்ளி ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை.

"மணி நின்னுடுச்சுக்கா. வேற எங்கயும் திரும்பாதேன்னு நீ சொன்னியா, அதான் உக்காந்துட்டேன்."

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அவன் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். அப்படி நான் அவனை அணைத்ததாக நினைவே இல்லை.

"கொஞ்ச நேரம் முன்னாடி யாரோ என்னைத் தாண்டி மேல ஓடினாங்க. நீதான்னு நினைச்சுக் கூப்பிட்டேன். திரும்பியே பார்க்கலை."

"பேசாம நட."

அவன் கையை என் தோளில் போட்டுக்கொண்டு, மணியைப் பிடித்துக்கொண்டே ஏறினோம். கடைசியில் மூடுபனிக்குள் வாசல் விளக்கு தெரிந்தது. மூன்று படி. நொண்டிக்கொண்டிருந்தவனை முன்னால் தள்ளி ஏற்றிவிட்டேன். பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறுவதுதான் என் வழக்கம். அவன் உள்ளே போனான், குனிந்து தன் பெயரை எழுதினான். மணி நின்றது. நான் முதல் படியில் கால் வைத்தேன். இரண்டாவது, மூன்றாவது, அப்புறம் நான்காவது. படி முடியவில்லை. விளக்கு அப்படியே எதிரில் இருந்தது, கிட்டே வரவில்லை. "அக்கா, உள்ள வாயேன்" என்று தம்பி வாசலில் நின்று கூப்பிடுவது கேட்டது. "வந்துக்கிட்டுதான்டா இருக்கேன்" என்று சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் வெயில் வந்தது. ஆணி பூட்ஸ்காரர் வாசலில் நின்று முகத்தை வெயிலில் காட்டிவிட்டு, விசில் அடித்துக்கொண்டே மலை இறங்கிப் போனார். தம்பி என்னைத் தேட ஆட்களை வரவழைத்தான். நான் அவர்கள் பக்கத்திலேயே நடந்தேன். என்னோடு இன்னும் பலர் நடந்தார்கள். நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. எல்லோருக்கும் வேண்டியது ஒரே விஷயம்தான்.

தம்பி ஒவ்வொரு வருடமும் வருகிறான். முட்டி வலியோடு ஏறி, வாசலில் ஒரு மணி நேரம் நின்று அக்கா அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, உள்ளே போய்த் தன் பெயரை மட்டும் எழுதுவான். "என் பேரையும் எழுதுடா, சட்டம் பேசுற ஆமையே" என்று தொண்டை கிழியக் கத்துவேன். எழுத மாட்டான். விடுதிக்காரர் என்னவோ சொல்லிப் பயமுறுத்தி வைத்திருந்தார்.

இந்த வருடம் இரண்டு பேருக்கு இடம் சொல்லியிருக்கிறான் போல. மூடுபனியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேலே ஏறியவர்களை எண்ணினேன், ஏழு பேர்தான். ஏழாவது ஆள் தம்பி. அவன் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மணி நின்றது.

எழுதிவிட்டான். என் தம்பி எனக்கு இடம் பிடித்துவிட்டான். நான் ஓடினேன். வேகத்தில் என்னை மிஞ்ச யாருமில்லை என்று ஆயுசு முழுக்கப் பெருமை பேசியவள் நான். இந்த முறை படிகள் மூன்றோடு முடிந்தன, வாசல் வந்தது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். செருப்பு மாடம் எட்டும் காலி.

சுவரைத் தடவிக்கொண்டே சுற்றி ஜன்னலுக்குப் போனேன். கீழ்க் கட்டிலில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு யாரோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள். பக்கத்தில் தம்பி உட்கார்ந்து ஒரு கிண்ணம் சூப்பை ஊதிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது அவனுக்கு. கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எந்திரி கண்டக்டரம்மா. எவ்வளவு நேரம் தூங்குவே? ரெண்டு வாய் குடி, காலையில நாம வீட்டுக்குப் போயிடலாம்."

கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தேன். "டேய், நான் இங்க இருக்கேன்டா, அது நான் இல்லைடா!" அவன் திரும்பவில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டது.