ஆளுக்கு ஒரு படம்

சந்தியோகுவின் ஸ்டூடியோவில் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆழ்வாப்பிள்ளை முதல் வேலையாகத் தன் நல்ல பக்கத்தைத் தேடினார். நாற்பது வருடம் அச்சுவேலிச் சந்தையில் புகையிலை விற்றவர். ஓட்டை இலையை உள்ளே மடித்து, மினுங்குகிற இலையை வெளியே காட்டிக் கட்டத் தெரிந்த கை. முகத்தையும் அப்படிக் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தார். வலது கன்னத்தில் பல் விழுந்த குழி. ஆகவே இடது கன்னத்தைக் கமராவுக்குக் கொஞ்சம் தள்ளிக் கொடுத்து, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டார். ‘ஐயாவின்ரை நல்ல படம் ஒன்று உடனே எடுத்து அனுப்பவும்’ என்று மகன் செல்வரட்ணம் கனடாவிலிருந்து எழுதியிருந்தான். அந்த ஒற்றை வரிக்குள் விசா, பிளேன், பனி, பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் கிழவர் ஏற்றிவிட்டார். ஏழெட்டு வீட்டுக்குப் போய்ப் பயணமும் சொல்லியாயிற்று.

சண்டையால் ஊரில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். சந்தியோகு கூரையில் ஆறு ஓடுகளைக் கழற்றிவிட்டு, விழுகிற வெயிலில் படம் எடுத்தான். பிலிம் கிளாலிக் கடலைத் தாண்டி ஒளித்து வருகிற சாமான். ஆளுக்கு ஒரு படம், கண்ணை மூடினாலும் அதுதான் என்று வாசலிலேயே சொல்லிவிடுவான்.

“உடம்பை விடுங்கோ அப்பு. பல்லுப் பிடுங்க வந்த ஆள் மாதிரி இருக்கிறியள்.”

உடம்பை விட்டார், வயிறு முன்னால் வந்தது. வயிற்றை எக்கினார், கழுத்து நரம்பு புடைத்தது. சிரித்துப் பார்த்தார்.

“சிரிக்காதேங்கோ ஐயா, சரிவராது” என்றாள் மகள் கமலாவதி.

கனடாக்காரருக்குச் சிரிப்புப் பிடிக்காதாக்கும் என்று அதையும் உள்ளே மடித்து வைத்தார்.

சந்தியோகு ஆணியில் தொங்கிய பட்டுச் சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டான். பழக்கதோஷம், விரல்கள் தாமாகவே கரையைத் தடவித் தரம் பார்த்தன. சரிகை மயில் வரிசையில் மூன்றாவது மயிலுக்குத் தலை இல்லை, பூச்சி தின்றிருந்தது. அந்த மயிலை அவர் முன்பே பார்த்திருக்கிறார். போன மாதம் கந்தப்புவின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கில், சாப்பிட்டு எழும்பியவர்களுக்குச் செத்தவர் நினைவாகக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்தில், ‘சிவபதமடைந்தார்’ என்ற வரிக்கு மேலே, கந்தப்புவின் தோளில். அதற்கு முன் மார்க்கண்டுவின் தோளில்.

“பிள்ளை, இது பாஸ்போட்டுக்கில்லையோ?”

கமலாவதி வியாபாரி மகள். சொல்லித்தான் ஆகவேண்டிய விலையை ஒரே தடவையில் சொன்னாள்.

“நடராசா மாமா செத்த நேரம் அடையாள அட்டைப் படத்தைத்தானே பெருப்பிச்சுக் கல்வெட்டிலை போட்டவை. ஆளே தெரியேல்லை. உங்களுக்கும் அப்பிடி வரக்கூடாதெண்டு செல்வரட்ணம்தான் சொன்னவன்.”

“அப்ப கனடா?”

“அங்கை உங்களை ஆர் பாக்கிறது?”

கேட்ட விலைக்குப் பதில் விலை சொல்லாமல் இருந்த நாள் அவர் வாழ்க்கையில் இல்லை. இன்று பேரத்தை விட்டார். தோள்கள் தாமாக இறங்கின. மோவாய் தாழ்ந்தது. யாருக்கும் எதையும் விற்கத் தேவையில்லாத கண்கள் எங்கோ ஓரிடத்தில் போய் நின்றன.

“அசையாதேங்கோ” என்றான் சந்தியோகு, மிக மெதுவாக. “இவ்வளவு நேரமும் இந்த முகத்தை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?”

கமரா ஒருமுறை சொடுக்கியது.

கமலாவதி படம் எப்போது கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு நிற்க, ஆழ்வாப்பிள்ளை வெளியே வந்தார். வாசலில் கிடந்த மர வாங்கிலில் அளவெட்டிக் கதிரவேலு, புதிதாகச் சவரம் செய்த முகத்தோடு, மருமகளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

“உங்களுக்கும் வெளிநாடோ அண்ணை? என்ரை மகள் ஜேர்மனியிலை. படம் கேட்டிருக்கிறாள். கூப்பிடப்போறாள் போலை.”

மருமகள் தலையைக் குனிந்து காற்பெருவிரலைப் பார்த்தாள். ஆழ்வாப்பிள்ளை அவளைப் பார்த்தார், கதிரவேலுவைப் பார்த்தார். தன் தலையில் கட்டிய சொத்தைச் சாமானுக்கு அடுத்த ஆளும் வந்துவிட்டதைக் கண்ட வியாபாரியின் சின்னச் சந்தோஷம் ஒன்று நெஞ்சுக்குள் அசைந்தது.

“ஓம், கனடா” என்றார். “போய் இரும். பெடியன் நல்லா எடுப்பான்.”

கதிரவேலு விரலில் எச்சில் தொட்டு நரைத்த புருவங்களை நீவிக்கொண்டார். பிறகு, இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, உள்ளே போனார்.