இரண்டு தடவை எழுதினால்

அச்சகத்தில் பிழை திருத்தும் சின்னவளின் கண்ணுக்கு ஒற்றைப் புள்ளி விடுபட்டாலும் தப்பாது. "அந்தம்மா பார்த்துட்டா அப்புறம் கடவுளே வந்தாலும் ஒரு தப்பு எடுக்க முடியாது" என்பார் முதலாளி. அப்படிப்பட்டவள் தன் கையெழுத்திலேயே கோட்டை விட்டாள்.

அண்ணன் இறந்து ஒன்பது மாதம். வீட்டில் மிச்சம் அவளும் அண்ணியும்தான். அண்ணன் போன புதிதில் அண்ணி பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. கெஞ்சியும் மிரட்டியும் பார்த்துத் தோற்றுப்போன சின்னவள், ஒரு சாயங்காலம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அண்ணன் தன் கையைப் பிடித்து எழுதுவதாகச் சொன்னாள். உண்மையைச் சொல்லவேண்டுமென்றால் முதல் வரி மட்டும் தானாகத்தான் ஓடியது; அது எப்படி என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சொந்தச் சரக்கு. தமிழில் எழுதினால் அண்ணன் பேசுகிற தோரணை வராது, அண்ணி கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயத்தில், "அங்க வேற பாஷையாம் அண்ணி" என்று ஒரே போடாகப் போட்டாள்.

"லூமேன்னு எழுதியிருக்கே, என்ன சொல்றாரு?"

"சாப்பிடச் சொல்றாரு."

அண்ணி எழுந்து போய்ச் சாப்பிட்டாள்.

அன்றைக்கு மாட்டியவள்தான். ஞாயிறு தவறாமல் அண்ணன் வந்தாக வேண்டும். ஒரு வாரம் தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். அண்ணி மூன்று நாள் அடுப்பையே பற்றவைக்கவில்லை. போதாக்குறைக்கு அண்ணி நூலகத்தில் புத்தக அட்டவணை எழுதுகிறவள். சும்மா இருப்பாளா? வார்த்தைக்கு ஓர் அட்டை போட்டு, அகர வரிசைப்படி செருப்புப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். லூமே என்றால் சாப்பிடு. தோமி என்றால் அனுப்பு. சின்னவள் அவ்வப்போது வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோவாள், பெட்டி மறக்காது.

இப்போது வேறு ஊர்ப் பதிப்பகம் ஒன்றிலிருந்து அவளுக்கு வேலைக் கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் போட வேண்டும். கடிதத்தைப் படித்தபோதுதான் இந்த வீட்டில் தனக்கு எவ்வளவு மூச்சு முட்டுகிறது என்று அவளுக்கே தெரிந்தது. போய்விட வேண்டும். அண்ணியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"உங்கண்ணன் சரின்னா எனக்கும் சரிம்மா" என்றாள் அண்ணி.

இவ்வளவுதானே! ஞாயிறன்று சின்னவள் உற்சாகமாகக் கண்ணை மூடினாள். அண்ணி சந்தேகப்பட இடமே இருக்கக்கூடாதென்று அழுத்தந்திருத்தமாக எழுதினாள்: தோமி தோமி.

அண்ணி தாளை வாங்கிப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து விரலால் அட்டைகளைத் தள்ளினாள். ஓர் அட்டையில் விரல் நின்றதும் அவள் முகம் மலர்ந்தது.

"எனக்குத் தெரியும்டி, அவர் விடமாட்டாருன்னு."

"என்ன அண்ணி? அனுப்பு அனுப்புன்னுல்ல சொல்றாரு!"

"அது நம்ம பாஷையில. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப லூமே லூமேன்னு எழுதினாரே, ஞாபகம் இல்லையா? வாந்தி எடுக்கிறவளைப் போய் சாப்பிடு சாப்பிடுன்னு சொல்றாரேன்னு கேட்டேன். ரெண்டு தடவை எழுதினா வேண்டாம்னு அர்த்தம்னு நீதானே சொன்னே?"

சொன்னதுதான். அன்றைக்குக் கை தவறி எழுதியதைச் சமாளிக்கச் சொன்னது.

"அது... அது தப்பா இருக்கலாம் அண்ணி."

"எது தப்பு?" அண்ணியின் குரல் சட்டென்று மெலிந்தது. "இன்னைக்கு எழுதினதா, அன்னைக்குச் சொன்னதா? இல்ல..." அவள் கை செருப்புப் பெட்டியின் மேல் போய், மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "எல்லாமேவா?"

உண்மை சின்னவளின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேசையில் அண்ணி பாதி சாப்பிட்டு வைத்த தட்டு இருந்தது. சின்னவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல அண்ணி. நான்தான் மறந்துட்டேன்."

அண்ணி மூச்சை விட்டாள். ஒரு புது அட்டையை எடுத்து, முத்துமுத்தான கையெழுத்தில் எழுதினாள்: தோமி தோமி – அனுப்பாதே. எழுதி அவளிடம் நீட்டினாள்.

"உன் கண்ணுக்குத்தான் தப்பாது. பிழை ஏதாவது இருக்கா பாரு."

சின்னவள் இரண்டு முறை படித்தாள்.

"இல்ல அண்ணி" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "சரியா இருக்கு."