பிரேபனின் பட்டினி

கிழக்கு கிரீன்லாந்தில், மலையேற வருபவர்களைப் படகில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை கரையில் கூடாரம் போட்டுக் காத்திருப்பது மிக்கிலினேயின் வேலை. பதினாறு கோடைகளில் அவள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டாள். அவளையே ஒளிந்துகொள்ளச் சொன்னவன் பிரேபன் ஒருவன்தான்.

கோபன்ஹேகனிலிருந்து இரண்டு கூட்டாளிகளோடு வந்திருந்தான். மனிதவாடையே இல்லாத மலையில் தான் படும் பாட்டைப் படமெடுக்க வேண்டுமாம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க படகும் கூடாரமும் கேமராவுல விழுது. பாறைக்கு அந்தப் பக்கம் போயிட்டீங்கன்னா..."

"நானும் விழறேனா?"

"கொஞ்சம்."

"போறேன். உங்க சாப்பாட்டு மூட்டையை மேல தூக்கி வைங்க. கடல் ஏறும்."

"அது அங்க இருந்தாதான் பார்க்க அழகா இருக்கு," என்றான்.

அழகான மூட்டையைக் கடல் கொண்டுபோயிற்று. மழையில் மூன்று பேரும் ஒரு வீட்டு உயரம் ஏறி, இரண்டு வீட்டு உயரம் சறுக்கி, மறுநாள் சாயங்காலம் பாறையைச் சுற்றிக்கொண்டு அவள் அடுப்பைத் தேடி வந்தார்கள். சீல் என்னும் கடல்விலங்கின் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் கேட்காமல் கிண்ணங்களை நிரப்பினாள்.

இரண்டாவது கிண்ணம் முடிந்ததும் பிரேபன் சாட்டிலைட் போனோடு தள்ளிப்போய் உட்கார்ந்தான். தன் ரசிகர்களுக்குத் தழுதழுத்த குரலில் பேசினான்: "உணவு தீர்ந்துவிட்டது. சுற்றிலும் ஓர் உயிர்கூட இல்லை. நாளைய விடியலைப் பார்ப்போமா, தெரியாது."

"விடியலா?" என்றாள் மிக்கிலினே. "இங்க கோடையில சூரியன் மறையாமயே ஒரு மாசமாச்சேப்பா. உனக்காக ஒரு தடவை மறைஞ்சுட்டு வரச் சொல்லணுமா?"

அவன் காதில் வாங்கவில்லை. கிண்ணத்தை நீட்டினான்.

ஒரு மணி நேரத்தில் ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. ஸ்ட்ரெச்சரோடு குதித்து ஓடிவந்தவன் போலீஸ்காரன் ஏனோஸ், அவள் சித்தி மகன்.

"அக்கா, யாரு சாகக் கிடக்கிறது? இவன் பேசினதைக் கேட்டுட்டு இவனோட அம்மா எங்களுக்குப் போன் போட்டு அழுது ரகளை பண்ணிட்டாங்க!"

"அதோ, மூணாவது கிண்ணம் வச்சிருக்கானே, அவன்தான்."

ஏனோஸ் ஸ்ட்ரெச்சரைக் கீழே போட்டான். "நம்ம ஊருக்கு வந்துக்கிட்டிருந்த பல் டாக்டரைப் பாதி வழியில இறக்கிவிட்டுட்டு வந்திருக்கோம்க்கா. திரும்பப் போய்க் கூட்டிவர நேரமில்ல, அவரு நாளைக்கு வடக்கே போயிடுவாரு. இனிமே அடுத்த வருஷம்தான்."

மிக்கிலினேக்கு அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது அது நின்றுபோயிற்று. அவள் கணவன் ஒரு மாதமாகக் கடைவாய்ப் பல்லோடு அல்லாடி, வெறும் கஞ்சியில் உயிர் வாழ்கிறான்.

அதற்குள் பிரேபன் எழுந்து வந்தான். "ஸார், இன்னொரு தடவை மேல போய் இறங்க முடியுமா? முதல் தடவை கேமரா ஓடல."

ஏனோஸ் திரும்பி நடந்தான். காலி ஸ்ட்ரெச்சரை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். மேலே போனது மட்டும்தான் படத்தில் பதிவாகியது.

மறுநாள் அவள் அவர்களை ஊருக்குக் கூட்டிவந்தபோது, படகுத்துறையில் கூட்டம். பாதிப் பேர் கையைக் கன்னத்தில் அழுத்தியபடி நின்றார்கள்.

"பாவம், எவ்வளவு கவலைப்பட்டிருக்காங்க!" என்று நெகிழ்ந்தான் பிரேபன். எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினான். பிறகு கயிற்றைக் கரைக்கு வீசினான்.

ஒருவர்கூட கை நீட்டவில்லை. கயிறு தண்ணீரில் விழுந்தது.

"இன்னொரு தடவை வீசு," என்றாள் மிக்கிலினே. "கேமரா ஓடுதான்னு பார்த்துக்கோ."