பியூலா வாசல் தாண்டிய காலை

1

இந்தக் கதை ஒரு முதுகுவலியில் தொடங்கியது. வலி என்னுடையது அல்ல, ரோட்ரிக்குடையது. மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மருந்தகத்துக்கு வந்து, மேடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, நல்ல மாத்திரையாக ஒன்று கொடு என்றான். என்ன தூக்கினாய், கடமானா என்று கேட்டேன்.

"எங்க அக்காவ," என்றான். "கடமானே தேவலாம். செத்தப்புறம் வாயாவது மூடியிருக்கும்."

அவன் அக்காவைத் தூக்கிய அந்தச் சனிக்கிழமை நான் ஊரில் இல்லை. பக்கத்து ஊர் மருந்தகத்தில் ஆள் இல்லையென்று என்னை அனுப்பிவிட்டார்கள். ஆகவே கீழே வருவதெல்லாம் காதால் கேட்டது. ஓட்டை விழுந்த இடங்களை நானே அடைத்திருக்கிறேன். ஜேம்ஸ் விரிகுடாக் கரையில் க்ரீ என்ற பழங்குடி மக்களுக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்தே தலை நரைத்தவன் என்ற தைரியம்தான்.

2

முதல் தொடக்கம்: "வெண்பனி ஒரு சவத்துணியைப் போல ஊரை மூடி—"

பொய். அன்று பனி உருகி, ஊரே சேறு.

இரண்டாம் தொடக்கம்: "தொலைந்துபோன ஒரு தலைமுறையின் துயரமெல்லாம் அவள் விழிகளில்—"

இதை ரோட்ரிக்கின் அக்கா பியூலாவுக்கே படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, யார் செத்தார்கள் என்று விசாரித்தாள். அதையும் அடித்துவிட்டேன்.

சரி, நேராகவே சொல்கிறேன். பியூலாவுக்குப் பதினொரு மாதம் ஆனபோது நெஞ்சில் சளி கட்டியது. தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று விமானத்தில் கொண்டுபோனார்கள். உடம்பு தேறியது. ஆனால் திருப்பி அனுப்பவில்லை. மான்ட்ரியாலில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்து, கொலெட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இங்கே பெற்றவர்களிடம் முதலில் இன்னும் குணமாகவில்லை என்றார்கள், பிறகு இறந்துவிட்டாள் என்றார்கள். எங்கே புதைத்தீர்கள் என்று அப்பா கேட்டார். சாகும்வரை கேட்டார்.

(இந்த ஊரில் இன்னும் சில வீடுகளில் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. அதை எழுத உட்கார்ந்தால் எனக்கு வாக்கியம் வருவதில்லை.)

நாற்பத்தெட்டு வயதில்தான் அவளுக்கு உண்மை தெரிந்து, ஊர் திரும்பினாள். எந்தப் பெயரில் எழுதட்டும் என்று கேட்டேன். சம்பளத்துக்குக் கொலெட், சாப்பாட்டுக்குப் பியூலா என்றாள். இது சாப்பாட்டுக் கதை.

3

அந்தச் சாப்பாட்டில்தான் சிக்கல்.

ஆறு வருடமாக அம்மா லூயிசாவின் வீட்டில் பியூலா விருந்தாளியாகவே இருந்தாள். காட்டு வாத்தின் நெஞ்சுக்கறி அவள் தட்டில்தான் முதலில் விழும். பெண்கள் கூடி உட்கார்ந்து வாத்து இறகு பிடுங்கும்போது இவளும் போய் உட்கார்ந்தால், இருக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுப்பிவிடுவார்கள். யாரும் திட்டியதில்லை. கேலி பேசியதும் இல்லை. இந்த ஊரில் ஒருத்தியைக் கேலி செய்யவில்லை என்றால் அவள் யாருக்கும் சொந்தமில்லை என்று அர்த்தம். எனக்கு வந்த வருடமே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

இந்த மே மாதம் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வாத்து வேட்டைப் பருவம் முடிந்ததும் மான்ட்ரியாலுக்கே திரும்பிவிடுவது. இரவுச் சாப்பாட்டில் அதை அம்மாவிடம் சொன்னாள். லூயிசா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போறதுன்னா போ. ஆனா நீ இன்னும் வெளிய நடக்கலயே."

இங்கே குழந்தை நடை பழகினாலும் அதன் பாதத்தை வெளி மண்ணில் படவிட மாட்டார்கள். வீட்டுக்குள் நடக்கலாம், வெளியே இடுப்பில்தான். பிறகு ஒரு விடியற்காலையில் கூடாரம் போட்டு, ஊசியிலைக் கிளை பரப்பி, சொந்தபந்தமெல்லாம் பார்க்க, குழந்தை முதல்முறையாகத் தன் காலால் வாசலைத் தாண்டும். மரம்வரை போய்ச் சுற்றித் திரும்பும். பையன் கையில் வாத்து, பெண் கையில் சின்னக் கோடாலி. அதன்பிறகுதான் அது இந்த மண்ணில் நடமாடும் ஆள்.

அப்படியானால் ஐம்பது வருடமாக நடந்ததெல்லாம் என்ன என்று பியூலா கேட்டாள். அது சேர்த்தி இல்லை என்று சொல்லிவிட்டு லூயிசா சாப்பாட்டைத் தொடர்ந்தாள்.

[என் முதல் வரைவில் இந்த இடத்தில் லூயிசா அழுதாள். ரோட்ரிக் படித்துவிட்டு, எங்கள் அம்மாவை உனக்குத் தெரியவே தெரியாது என்றான். அழுகையை எடுத்துவிட்டேன்.]

4

பியூலாவையும் நடக்கவிட வேண்டும் என்று லூயிசா கேட்டதும், சடங்கை நடத்துகிற ஆப்னர் தயங்கினார். தலை நரைத்த பொம்பளை குழந்தைகளோடு நடந்தால் ஊர் சிரிக்கும், அவள் மனம் நோகும் என்றார். குழந்தைகள் நடக்கும்போது மட்டும் நாம் சிரிப்பதில்லையா என்று லூயிசா கேட்டாள். அவர் கிளை வெட்டக் கிளம்பிவிட்டார்.

ஆனால் பியூலாவுக்கும் அதே பயம். சனிக்கிழமை விடியலில், அம்மா தைத்த புது உடுப்போடு, கூடாரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். வண்டியைத் திருப்பினால் நாளைக்கு மான்ட்ரியால். அங்கே யாரும் அவளை எதற்கும் அழைக்க மாட்டார்கள், யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். கை கியர்மேல் இருந்தது. (இது நான் அடைத்த ஓட்டை. கையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.)

ரோட்ரிக் வந்து கார்க் கதவைத் திறந்தான். சரி, வந்தது வரட்டும் என்று அவள் ஒரு காலை வெளியே நீட்டினாள். கூடார வாசலிலிருந்து லூயிசா கத்தினாள்.

"காலக் கீழ வைக்காத!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லூயிசா கம்பை ஊன்றிச் சேற்றில் நடந்து வந்தாள். மூச்சு வாங்க நின்று சொன்னாள்:

"அன்னைக்கு ஒன்ன அந்த நர்ஸ் கையில குடுத்தப்பவே சொன்னேன். இவ இன்னும் வெளிய நடக்கல, எங்கயும் எறக்கி விட்டுடாதீங்கன்னு. அவளுக்கு நம்ம பாஷ தெரியாது. தலைய தலைய ஆட்டிட்டுப் போயிட்டா. எந்தத் தரையில ஒன்ன எறக்கினாங்களோன்னு நெனச்சு நெனச்சே எனக்குத் தூக்கம் போச்சு. இன்னைக்கு நம்ம ஆளுங்க தூக்குவாங்க. நீ சும்மா இரு."

தன்னைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் பியூலா மனதின் ஒரு மூலையில் அதுவரை நம்பியிருந்தாள். கீழே விடாதே என்று சொல்லித்தான் கொடுத்தார்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஐம்பத்துச் சொச்சம் வருடத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். இந்த அழுகையை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நீட்டிய காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். ரோட்ரிக்கும் மூன்று மச்சான்களும் கடமான் சுமக்கிற தார்ப்பாயைக் கொண்டுவந்தார்கள்.

5

சின்னஞ்சிறுசுகள் முதலில் போயின. ஒன்று பாதி வழியில் உட்கார்ந்து, போக மாட்டேன் என்று சாதித்தது. கடைசியில் பியூலாவின் முறை. ஆப்னர் பொம்மைக் கோடாலியை நீட்டினார். வளர்ந்த பிள்ளைக்கு எதற்கு இது என்று லூயிசா அதை வாங்கி வைத்துவிட்டு, நிஜக் கோடாலியைக் கொடுத்தாள்.

பியூலா வாசலைத் தாண்டினாள். கிளைகள்மேல் நடந்து மரத்தடிக்குப் போனாள். அங்கே ஒரு கட்டை கிடந்தது. குழந்தைகள் அதைத் தொட்டுவிட்டு வந்தால் போதும், இவள் பிளக்க வேண்டும். முதல் வெட்டு வழுக்கியது. அடுத்ததில் கோடாலி சிக்கிக்கொண்டு வர மறுத்தது. காலால் மிதித்து இழுத்தாள். கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும்.

"ஏன் பியூலாக்கா, மான்ட்ரியால்ல மரமே கெடையாதா?"

"இருக்கு. நாய்ங்கதான் அதுகிட்ட போகும்," என்றாள் பியூலா.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. கோடாலியை இழுத்துக்கொண்டே அவளும் சிரித்தாள். கேலி செய்கிறார்கள், என்னை, பேர் சொல்லி, முகத்துக்கு நேராக. அந்தச் சந்தோஷத்தில் இழுத்த இழுப்பில் கோடாலி வந்துவிட்டது, ஓங்கிய அடியில் கட்டை இரண்டாகப் போனது. வேட்டைக்காரர்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். அவள் விறகை முதுகில் கட்டி, மரத்தைச் சுற்றி, கூடாரத்துக்குள் போய் அம்மா காலடியில் இறக்கினாள். லூயிசா ஒரு துண்டை எடுத்து அப்போதே அடுப்பில் போட்டாள்.

பிறகு பியூலா எழுந்து மறுபடியும் வெளியே போனாள். உள்ளே வந்தாள். திரும்பவும் போனாள். ஒரு வேலையும் இல்லை, சும்மாதான்.

"போதும்க்கா," என்றான் ரோட்ரிக், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "குளுரு உள்ள வருது."

6

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் அவள் இங்கேயே தங்கிவிட்டாள். இன்னொன்றில் நிம்மதியாகத் தெற்கே போனாள். மூன்றாவதில் அடுத்த குளிர்காலத்தில் லூயிசா இறந்தாள். அதை ரோட்ரிக் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டான், படுபாவி. சாகடிக்க ஆள் வேண்டுமென்றால் அவன் வீட்டில் பார்க்கச் சொல் என்று பதில் வந்தது.

பியூலா மூன்றையும் மருந்தகத்தில் நின்றபடியே படித்தாள்.

"நான் எங்க இருக்கணும்னு என்னத் தவிர எல்லாரும் முடிவு பண்ணியாச்சு. நீயும் போயி அந்த வரிசையில நிக்காத."

இப்படிப்பட்ட கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிடுவது மரியாதை. மன்னிக்க வேண்டும், உங்களுக்கும் தருவதாக இல்லை. அது அவளுடையது.

வாத்துப் பருவம் முடிந்துவிட்டது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் கார் எதிரே சாலை முனையில் நிற்கிறது. ஒரு பக்கம் போனால் அம்மா வீடு, மறுபக்கம் தெற்கு. திரும்புவதற்கு விளக்கைப் போட்டுவிட்டாள். எந்தப் பக்கம் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. சொல்ல மாட்டேன்.