தாயைத் தேடிய பூசணிகள்

அந்த மழைக்காலத்தில் தாபாவாவின் தோட்டத்துப் பூசணிக்காய்கள் பொழுது சாய்ந்ததும் கன்றுக்குட்டி மாதிரி கத்தத் தொடங்கின. சந்தையில் உப்பும் கம்பும் விலை ஏறியிருந்த சமயம் என்பதால் ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காரணம் தாபாவாவுக்குத் தெரியும். அறுவடை முடிந்ததும் ஃபுலானி இனத்து மேய்ப்பன் யேரோ மாடுகளோடு வருவான். யார் நிலத்தில் அவற்றைக் கட்டுகிறானோ அந்த நிலம் சாணி தின்று கொழுக்கும். அவள் புருஷன் இல்லியாசுவுக்கு இரண்டு மனைவிகள். ஆளுக்கொரு துண்டுத் தோட்டம். அந்த வருஷம் அவன் இளையவள் டேலுவின் துண்டில்தான் மாடுகளைக் கட்டச் சொன்னான். டேலு வாழ்க்கைப்பட்டு ஏழு வருஷமாகியும், கடைசியாக வந்தவள் என்பதால் ஊர் அவளைப் புதுப்பெண் என்றே கூப்பிட்டது. மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. புதுப்பெண்ணாம், சாணியும் அவளுக்கேவாம்! விடிவதற்கு முன்பே எழுந்து, சக்களத்தியின் சாணியைக் கூடை கூடையாக அள்ளிவந்து தன் தோட்டத்தில் கொட்டினாள்.

மழை வந்தது. பூசணிகள் ஆளுயரக் குதிர் போலப் பருத்தன. ஆனால் எல்லாம் டேலுவின் தோட்டத்தைப் பார்த்தே முகம் திருப்பிக் கத்தின. கொடிகளும் வேலி தாண்டி அந்தப் பக்கமே ஊர்ந்தன. தாபாவா இழுத்து இழுத்துக் கட்டினாள்.

"அக்கா, உங்க தோட்டத்துல என்னமோ கத்துதே?" என்றாள் டேலு.

"கத்தினா கத்திட்டுப் போகுது. உனக்கென்ன, காதைப் பொத்திக்கோ."

புருஷனுக்குச் சமைக்கும் தன் முறை வந்த நாளில் தாபாவா இருந்ததிலேயே பெரிய காயை அறுத்துக் குழம்பு வைத்தாள். இல்லியாசு களியைத் தொட்டுத் தொட்டு விரலைச் சப்பினான். அவள் மனம் குளிர்ந்தது. கையைக் கழுவினானோ இல்லையோ, அவன் வயிற்றுக்குள்ளிருந்து "ம்மா" என்று ஒரு சத்தம். எழுந்தவன் நேராக டேலுவின் தோட்டத்துக்கு நடந்து, நடுவில் போய் நின்றுகொண்டான். ஆக்கிப் போட்டு அவளிடமே அனுப்பிவைத்தேனே என்று தாபாவா தலையில் அடித்துக்கொண்டாள். உப்புப் பார்க்க அவளும் ஒரு கரண்டி வாயில் விட்டிருந்தாள். அவள் கால்களும் கிளம்பிவிட்டன.

டேலு இருவரையும் பார்த்தாள். மாடு கட்டியும் தன் துண்டில் சாணி தங்காதது ஏன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"சாணி வேணும்னா கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியாடி?"

டேலு கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன்" என்றாள். "என் வீட்டுல சாப்பிடும்போதும் உங்க கைப்பக்குவத்தைத்தான் சொல்லிச் சொல்லிச் சாப்பிடுறாரு. காயும் உங்ககிட்டயே விளைஞ்சா, அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு?"

ஏழு வருஷத்தில் டேலு சொன்னதில் தாபாவா முழுசாக நம்பியது இதைத்தான். வாயிலிருந்து பதிலாக ஒரு "ம்மா"தான் வந்தது. டேலு சிரித்துவிட்டு, ஏற்கனவே நின்றிருந்த புருஷனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி மூத்தவளுக்கு இடம் விட்டாள்.

அடுத்த வருஷம் யேரோ மாடுகளை இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் கட்டினான். இரண்டு பெண்களும் எதிரெதிரே நின்று, எந்த மாடு எந்தப் பக்கம் வால் தூக்குகிறது என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.