விடுங்க என்றது யார்

ஜூன் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை பிற்பகல் அடித்த காற்றில், மூன்றாம் குறுக்குத் தெருவின் கடைசி வீட்டுக்குப் பின்னால் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் தெற்குக் கிளை அடிப்பகுதியில் பிளந்தது. கிளை கீழே விழவில்லை.

அதற்கு நேர் கீழே, மதிலை ஒட்டி, தகரக் கூரை போட்ட தையற்கூடம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பெண் ஒரு தையற்காரர். மருத்துவமனை ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவர். காற்று ஓய்ந்ததும் அவரும் கணவரும் இயந்திரங்களைத் தூக்கி வந்து முன்னறையில் வைத்தார்கள். துணிக் கட்டுகளும் வந்து சேர்ந்தன. கூடத்தைத்தான் தூக்க முடியாது. மதிலோரம் எதுவும் கட்டக் கூடாது என்று விதி மாறுவதற்கு முன்பே எழுந்த கட்டடம் அது. நிற்கிறவரை நிற்கலாம், விழுந்தால் மறுபடி கட்ட அனுமதி கிடையாது. முன்னறையில் இயந்திரங்களை அடுக்கலாமே தவிர ஓட்ட இடமில்லை. கூடம் போனால் தொழிலும் போகும் என்பதைத் தையற்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

மரம் வெட்டும் ஆட்கள் இருவர் முதலில் வந்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள், தலையைச் சொறிந்தார்கள்.

"எடுத்துடலாம்மா. ஆனா கூரைய நீங்க முன்னாடியே பிரிச்சு வச்சிடுங்க. கிளை எறங்குறப்ப சுவரு போனா எங்களைக் கேட்கக் கூடாது."

"சுவரு போகாம எடுக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன். போறதுன்னா அது தானா விழுந்தே போகுமே!" என்று தையற்காரர் அவர்களை அனுப்பிவிட்டார்.

கணவர் பேருந்து ஓட்டுநர். இரவுப் பணி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அவருக்கு இந்த மரத்தின் மேல் நெடுநாள் கோபம். அதில் அடையும் காக்கைகள் அவரைத் தூங்க விட்டதில்லை.

"கிளையென்ன கிளை, மொத்த மரத்தையும் எடுத்துட்டா தொல்லை ஒரேயடியா முடிஞ்சிடும்" என்றார்.

"மரமும் தூங்குமூஞ்சி, நீங்களும் தூங்குமூஞ்சி. எதை எடுக்கறதுன்னு வர்றவங்க சொல்லட்டும்."

மின்கம்பி மேலே உரசும் கிளைகளைக் கழிக்க மின்வாரிய ஆட்கள் யாரைக் கூப்பிடுவார்கள் என்று விசாரித்து, வேறொரு எண்ணை வாங்கினார் தையற்காரர். மறுநாள் காலை, கயிறுகளும் கப்பிகளும் ஏற்றிய சிறு லாரியில் ஒரு கணவனும் மனைவியும் வந்து இறங்கினார்கள். மரம் ஏறுவது மனைவி. தரையில் நின்று கயிறு பிடிப்பது கணவர். இழுத்துப் போடவும் துண்டு போடவும் ஓர் ஆள் கூட வந்திருந்தார்.

ஏறுபவர் உடனே ஏறவில்லை. மரத்தை நான்கு பக்கமும் சுற்றினார். பிறகு தையற்கூடத்துக்குள் போய், கூரையின் உத்தரங்களைக் கீழிருந்து பார்த்தார். கையால் சுவரைத் தட்டினார். வெளியே வந்து தையற்காரரிடம் கேட்டார்:

"இது நிக்கணும், அதானே?"

"இது நின்னா நான் நிப்பேன்."

"சரி. மரம் நல்லாத்தான் இருக்கு. கிளையில மட்டும்தான் கோளாறு. அதை நுனியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துடறோம்."

ஓட்டுநரின் முகம் சுருங்கியது. அவர் சொல்ல வந்ததை மனைவியின் பார்வை தொண்டையிலேயே நிறுத்தியது.

மண் நிரப்பிய சிறு பையை மெல்லிய நூலில் கட்டி மேல்நோக்கி எறிந்தார் ஏறுபவர். பை உச்சிக் கவட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கியது. நூலைத் தொடர்ந்து கயிறு போயிற்று. கயிற்றைத் தொடர்ந்து அவர் போனார். கால்கள் மரத்தைத் தொட்டும் தொடாமலும் ஏறின. பிளவுக்கு அருகே போனதும் முதலில் அறுக்கும் வாளை எடுக்கவில்லை. பிளந்த இடத்தைச் சுற்றி அகலமான பட்டைகளைப் போட்டு, உடைந்த காலுக்குக் கட்டுப் போடுவதுபோல இறுக்கினார். பிளவு மேலும் ஓடாமலிருக்க அது. பிறகு அதற்கு மேலே உறுதியான ஒரு கிளையில் கப்பியைத் தொங்கவிட்டார். கப்பி வழியாக ஒரு கயிறு இறங்கி, அடிமரத்தில் கட்டிய இரும்பு உருளையைச் சுற்றி, கணவரின் கைக்கு வந்தது.

அதன்பின் நடந்ததைப் பார்க்கத் தெருவே மதிலோரம் கூடியது. வெட்டப்போகும் துண்டைக் கயிற்றில் கட்டிவிட்டு மேலிருந்து "பிடிங்க" என்பார். கீழே கயிறு இறுகும். அறுபட்ட துண்டு விழாது. காற்றில் மெல்ல ஆடி நிற்கும். "விடுங்க" என்பார். கூரையின் மேல் நிழல் மட்டும் நகர, துண்டு வெற்றுத் தரைக்கு இறங்கும். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல என்றார் எதிர்வீட்டுக்காரர். இலைகள் அடர்ந்திருந்ததால் கயிறு பிடிப்பவருக்கு மனைவி தெரியவில்லை. அவர் மேலே பார்க்கவும் முயலவில்லை. காதைத்தான் தீட்டி வைத்திருந்தார். இரண்டே சொற்களில் ஒரு கிளை கரைந்துகொண்டிருந்தது.

பிளவை நெருங்கியபோது ஏறுபவர் இயந்திர வாளை நிறுத்தினார். அதன் அதிர்வு பிளவுக்கு ஆகாது. கைவாளை எடுத்தார். இருந்ததிலேயே கனமான துண்டு அது. கூரைக்கு நேர் மேலே நீண்டிருந்தது. "பிடிங்க" என்றார். கயிறு இறுகியது. இப்போது அறுக்கும் சத்தம் மட்டும்தான்.

அந்த அமைதியில் ஓட்டுநருக்குத் துணிச்சல் வந்தது. மனைவியின் அருகே நகர்ந்தார்.

"வந்ததே வந்துட்டாங்க. மொத்தத்தையும் எடுத்துடச் சொல்லிடவா?"

"விடுங்க."

"அதில்ல, திரும்பவும் ஒரு காத்து அடிச்சா..."

"அட, விடுங்க! விடுங்கன்னா!"

கயிறு நழுவியது.

மேலே, கண்ணுக்கு எதிரே இறுக்கமாக நின்ற கயிறு தொய்வதை ஏறுபவர் பார்த்தார். வாள் பாதியில் நின்றது. துண்டு முழுவதும் அறுபடவில்லை. மிச்சமிருந்த மரம்தான் அதைத் தாங்கியது. முனகுவது போன்ற ஓர் ஒலி வந்தது. தொய்வோடு அது அறுந்திருந்தால் கயிறு தாங்குமுன் கூரையைத் தொட்டிருக்கும்.

அவர் கத்தவில்லை. எப்போதும் பேசும் குரலில், "பிடிங்க" என்றார்.

கயிறு மறுபடி இறுகியது. துண்டு அசையவில்லை.

"யாருங்க விடச் சொன்னது?"

"நீதானே சொன்னே? ஒண்ணுக்கு மூணு தடவை!"

"நான் வாயே தொறக்கல."

கயிறு பிடிப்பவர் முதல்முறையாகத் திரும்பினார். தையற்காரர் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஐயோ... நான் இவரை விடச் சொன்னேன். பேச்சை விடச் சொன்னேன்!"

யாரும் சிரிக்கவில்லை. ஓட்டுநர்தான் முதலில் வாய் திறந்தார்: "வேற வார்த்தை வச்சுக்கலாமே? எறக்குன்னு சொல்லுங்களேன்."

"புது வார்த்தைன்னா இவர் யோசிப்பாருங்க. கயித்துல யோசிக்க நேரம் கெடையாது. இந்த வார்த்தைக்குத்தான் இவர் கை பழகியிருக்கு" என்றார் ஏறுபவர் மேலிருந்து. "வார்த்தை இருக்கட்டும். மரியாதைய மட்டும் கழட்டிடறேன். இந்த வீட்டுல யாரும் யாரையும் டா போடறதில்லையே?"

"இல்லம்மா" என்றார் தையற்காரர் பதறி.

"அப்ப சரி. கேட்டுச்சாடா?"

கயிறு பிடிப்பவர் உருளையில் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "கேட்டுச்சு" என்றார். காதுமடல் சிவந்திருந்தது.

"தெருவே நிக்குதேன்னு வெக்கப்படாதடா. பிடிடா."

"பிடிச்சாச்சுடி."

"டியெல்லாம் வேணாம். நீ பேசவே வேணாம்."

மதிலோரம் சிரிப்பு வெடித்து, உடனே அடங்கியது. எதிர்வீட்டுக்காரர் உதட்டில் விரல் வைத்துக் கூட்டத்தை மிரட்டினார். தையற்காரர் கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மதிலின் மூலையில் நிறுத்தினார். அவர் எதையோ சொல்ல வாயெடுத்தபோது விரலை மட்டும் ஆட்டினார்.

"ஒரு வார்த்தை பேசாம இவ என்னை அடக்கிட்டாளே, இதை வீட்டுக்குள்ளயும் வச்சுக்கலாம் போல" என்று ஓட்டுநர் பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

கைவாள் மறுபடி ஓடியது. இழுப்பு சீராக இருந்தது; அவசரம் தெரியவில்லை. கடைசி நார் அறுபட்டபோது துண்டு ஒரு சாண் இறங்கி, திடுக்கென்று நின்று, கூரையின் மேல் மெதுவாகச் சுழன்றது. தையற்காரர் கண்களை மூடிக்கொண்டார்.

"விடுடா."

உருளையில் கயிறு முறுமுறுத்தது. கூட வந்த ஆள் துண்டில் கட்டியிருந்த வழிக்கயிற்றை இழுத்துத் துண்டை வெளிப்பக்கமாகத் திருப்பினார். அது கூரை விளிம்பைத் தாண்டியது, கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த மண்தரையில் சத்தமின்றி உட்கார்ந்தது. தையற்காரர் கண்ணைத் திறந்தபோது கயிறு பிடிப்பவர் அடுத்ததற்காகக் கயிற்றை ஏற்கெனவே மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்.

மீதித் துண்டுகளும் அப்படியே இறங்கின. வெட்டிய இடத்தை அடிமரத்தோடு ஒட்டாமல், காயம் ஆறும்படி கிளையடி மடிப்புக்கு வெளியே சரிவாகச் சீவிவிட்டு ஏறுபவர் கீழே வந்தார். இடுப்புப் பட்டையைக் கழற்றிக்கொண்டே கணவரைப் பார்த்து, "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

பிற்பகலில் கிளைத் துண்டுகளை லாரியில் ஏற்றினார்கள். தையற்கூடத்தின் கூரையில் எந்தத் தகடும் நெளியவில்லை. சாயங்காலம் இயந்திரங்கள் கூடத்துக்குத் திரும்பின. மரம் வெட்டப்படவில்லை. வியாழக்கிழமை காலை தையற்காரர் வேலையைத் தொடங்கினார்.